சேர வருவோரிடம் சொல்லும் சொல்

ஒரு பாடசாலை தன் மாணவனுக்குக் கற்பிக்கும் முதற்பாடம் எது? அகரம் என்பர் சிலர். ஒழுக்கம் என்பர் வேறு சிலர். எமக்கு வேறோர் எண்ணம் உண்டு. மாணவன் வகுப்பறைக்குள் காலடி வைப்பதற்கு முன்னரே அப்பாடசாலையின் சேர்க்கை அறிவித்தலை அவனுடைய பெற்றோர் படித்துவிடுகின்றனர். அதில் எது சொல்லப்பட்டது, எது சொல்லாமல் விடப்பட்டது என்பதிலேயே முதற்பாடம் அடங்கிவிடுகின்றது.

இவ்வாண்டு விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழின் தொன்மையைப் பற்றி எழுதுவோம் என்றே எதிர்பார்த்தனர் போலும். தொன்மையைப் பற்றி வேறு மூவர் எழுதுகின்றனர் என அறிந்து நிம்மதியடைந்தோம். ரோவிலில் வாழும் பெற்றோர்க்கும், இன்னும் சில ஆண்டுகளில் உயர்கல்விக்கு எங்கே போவது என்று தேடப்போகும் மாணவர்க்கும் இப்பொருள் பயன்படும் என்பதால் இதனைத் தெரிந்தெடுத்தோம்.

தாயகத்தில் நாம் கணித ஆசிரியராகப் பணியாற்றிய பாடசாலை வன்னியில் இருந்தது. அதற்கு விளம்பரம் தேவைப்படவில்லை. ஊர்ப்பிள்ளைகள் வேறெங்கும் போக வழியில்லாதிருந்தனர். விளம்பரம் என்பது தனியார் கல்வி நிலையங்களுக்கே உரியதாயிருந்தது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான வாரத்தில் யாழ்ப்பாண நகரச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். ஒரே மாணவனின் ஒரே புகைப்படம், அதே வாரிய தலையும் அதே வெள்ளைச் சட்டையுமாக, மூன்று நிலையங்களின் சுவரொட்டிகளில் சிரித்துக்கொண்டிருக்கும். மூன்றும் பொய்யல்ல. பௌதிகவியலை ஓரிடத்திலும், இரசாயனவியலை இன்னோரிடத்திலும், இணைந்த கணிதத்தை மூன்றாமிடத்திலும் அவன் கற்றிருக்கக் கூடும். ஆயினும் அந்நிலையங்களிலிருந்து எத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினர் என்ற எண்ணை எந்தச் சுவரொட்டியிலும் நாம் கண்டதில்லை. சித்தியடைந்தோர் தொகை தொகுதி. தோற்றினோர் தொகை பகுதி. பகுதியை மறைத்துவிட்டுத் தொகுதியை மட்டும் காட்டினால் அது பின்னமாகாது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். அறியாதவர் போல நடந்துகொண்டவர்கள் பெரியவர்களே.

இந்நாட்டுக்கு வந்தபின் கண்டவை அச்சுவரொட்டிகளைச் சிறுபிள்ளை விளையாட்டாக்கிவிட்டன.

2009ஆம் ஆண்டு முதல் 2016 வரை அவுஸ்திரேலியாவில் ‘வெற் ஃபீ ஹெல்ப்’ என்றொரு கடன் திட்டம் நடைமுறையில் இருந்தது. தொழிற்கல்விக்கான டிப்ளோமா வகுப்பில் சேருகின்றவரின் கட்டணத்தை அரசாங்கம் நேரடியாகக் கல்வி நிலையத்துக்குச் செலுத்தும். மாணவர் பிற்காலத்தில் உழைக்கும்போது வரியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். நோக்கம் நல்லதே. ஆனால் மாணவர் படித்தாலும் படியாவிட்டாலும் பணம் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகவே மாணவரைச் சேர்ப்பதே ஒரு வியாபாரமாயிற்று. விற்பனை முகவர்கள் வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டினர்; கடைத்தொகுதிகளில் மேசை போட்டனர். மடிக்கணினி இலவசம் என்றனர். படிப்பும் இலவசம் என்றனர். அது கடன் என்பதைச் சொல்லாமல் விட்டனர், அல்லது வாழ்நாளில் திருப்பிக் கொடுக்க நேராது என்றனர். பூர்வீகக் குடிகள் வாழும் சிற்றூர்கள், வசதி குறைந்தோரின் குடியிருப்புகள், எழுத வாசிக்கச் சிரமப்படுவோர் என்று தேடித் தேடிப் போயினர். இத்திட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட கடன், 2009இல் ஏறத்தாழ 26 மில்லியன் டொலராக இருந்தது, 2015இல் ஏறத்தாழ 2.9 பில்லியனாக வீங்கியது. 2016 முடிவில் அரசாங்கம் திட்டத்தையே மூடிவிட்டது.

அவற்றுள் ஒரு வழக்கை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் வழக்கம். மெல்பேணில் இயங்கிய பீனிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற நிலையம் 2015ஆம் ஆண்டில், ஒரு வருடத்துக்கும் குறைந்த காலத்தில், 11,000க்கும் மேற்பட்டோரைத் தன் இணையவழி டிப்ளோமா வகுப்புகளில் பதிந்தது. அவர்கள் பெயரில் அரசாங்கத்திடம் கோரிய தொகை 360 மில்லியன் டொலருக்கு மேல். போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. 2021இல் சமஷ்டி நீதிமன்றம் அந்நிலையம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத முறையில் நடந்துகொண்டது எனத் தீர்ப்பளித்தது. 2023இல் அதற்கும் அதன் விற்பனைப் பிரிவுக்குமாகச் சேர்த்து 438 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. பதிந்தவர்களுள் படிப்பை முடித்தோர் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்போம். ஐயாயிரம் என்பான் ஒருவன். ஆயிரம் என்பாள் ஒருத்தி. விடை ஒன்பது. ஒன்பதாயிரமல்ல, ஒன்பதே பேர். சுவரொட்டியில் மறைந்திருந்த பகுதியெண் இங்கே நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. தண்டம் விதிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நிலையம் வீழ்ந்துவிட்டதால் அத்தொகை அரசுக்கு வந்து சேரும் என எவரும் நம்பவில்லை. ஏமாற்றப்பட்டவர்களின் கடனை நீக்குவதற்கு 2019ஆம் ஆண்டு முதல் ஒரு பரிகாரத் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது என்பதே ஆறுதல். தம் பெயரில் கடன் இருப்பதை வரிப் பத்திரம் நிரப்பும்போது முதன்முதலாக அறிந்தவர்களும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்களின் கதை வேறு வகைப்பட்டது. அது எம்மவரை நேரே தொடுவது. ஒரு காலத்தில் சமையற்கலை, சிகையலங்காரம் முதலிய படிப்புகளை முடித்தோர்க்கு இங்கே நிரந்தர வதிவுரிமை பெறுவது எளிதாயிருந்தது. அதனால் அடுப்பே இல்லாத சமையற் பாடசாலைகள் என்று கேலி பேசும் அளவுக்குத் தனியார் கல்லூரிகள் பெருகின. 2009இல் அவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மெல்பேணிலும் சிட்னியிலும் வளாகங்கள் கொண்ட மெரிடியன் கல்லூரி மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் பூட்டிய கதவின் முன் நின்றனர். 2010 பெப்ரவரியில், அப்படிப்புகளுக்கு முன்னுரிமை அளித்த தொழிற்பட்டியலையே அரசாங்கம் நீக்கிற்று. ஊரில் காணி விற்று வந்தவனுக்குக் கல்லூரியும் இல்லை, வதிவுரிமைக்கு வழியும் இல்லை.

இதன்பின் விதிகள் இறுகின. வெளிநாட்டு மாணவர் கல்விச் சேவைகள் பற்றிய சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த தேசிய ஒழுக்கக்கோவையின் தற்போதைய வடிவம் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன் முதல் நான்கு நியமங்களைப் பெற்றோர் படித்திருத்தல் நன்று. கல்வி நிலையம் தன் விளம்பரத்தில் பொய்யோ மயக்கமோ தரலாகாது. தன் பதிவுப் பெயரையும் ‘கிறைக்கோஸ்’ எனப்படும் பதிவேட்டு இலக்கத்தையும் எழுத்து விளம்பரங்களில் குறிப்பிட வேண்டும். இப்படிப்பை முடித்தால் வதிவுரிமை பெற்றுத்தருவோம் என்றோ, பரீட்சையில் சித்தி நிச்சயம் என்றோ உறுதி கூறலாகாது. மாணவரைச் சேர்க்குமுன் படிப்பின் காலம், உள்ளடக்கம், நடைபெறும் இடம், எல்லாக் கட்டணங்களும், அவை உயரக்கூடிய சாத்தியம், இந்நகரில் வாழ்வதற்கு ஆகும் செலவு ஆகியவற்றை விளங்கும் ஆங்கிலத்தில் தெரிவிக்க வேண்டும். பணம் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனைகள் எழுத்து ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தம் முகவர்கள் யார் யார் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். முகவர் பொய் சொல்வதை அறிந்தால் நிலையம் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

எழுத்தில் யாவும் செம்மையாகவே உள்ளன. ஆனால் கண்காணிப்போர் படிப்பது ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை. எம்மவர் கேட்பது தமிழில் சொல்லப்பட்டதை. இடைவெளி அங்கேதான் இருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மூத்த மகன் எம்மிடம் கணிதம் கற்றவன். 2009 மே மாதத்தின் பின் அவனைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாது. இளையவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

“சேர், ஏஜென்சிக்காரர் சொல்லினம், இந்தப் படிப்பை முடிச்சால் அங்க பீ.ஆர். கட்டாயம் கிடைக்குமாம். கொலிச்சில இருந்து கடிதமும் வந்திருக்கு. நீங்கள் ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ. வயலை ஈடு வைக்கிற அலுவல் பார்த்துக்கொண்டிருக்கிறன்.”

கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பச் செய்தோம். நான்கு பக்கம். ஒரு வரியிலும் பிழை காணவில்லை. பதிவேட்டு இலக்கம் இருந்தது, சரிபார்த்தோம், உண்மையானது. குடிவரவு பற்றிய எந்த உறுதியையும் நிலையம் அளிக்கவில்லை என்று மூன்றாம் பக்கத்தில் தெளிவாகவே அச்சிட்டிருந்தனர். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு கழித்துக்கொண்டு மீதியைத் தருவர் என்பதும் இருந்தது. சட்டத்துக்கு இணங்கிய கடிதம் என்றே சொல்ல வேண்டும்.

“அம்மா, கடிதத்தில் பீ.ஆர். தருவம் எண்டு இல்லை. தரமாட்டம் எண்டுதான் எழுதியிருக்கு” என்றோம்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. “அப்ப அவர் சொன்னது?” என்றார்.

அவர் சொன்னது காற்றில் போய்விட்டது. அதனை எழுதித் தரும்படி முகவரிடம் கேளுங்கள் என்று சொன்னோம். கேட்டார். அந்த முகவர் எழுதித் தரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று அறிந்தோம். வயல் ஈடு போகவில்லை. இளையவன் எம்முடன் ஏறத்தாழ ஒரு வருடம் பேசவில்லை. அவனுடைய நண்பர்கள் இருவர் வேறு முகவர் மூலம் புறப்பட்டுவிட்டனர் என்பது அவன் மனத்தாங்கல். அவர்களுள் ஒருவர் இங்கே நன்றாகவே இருக்கின்றார்; அதனையும் சொல்லாமல் விட்டால் நாமும் பகுதியை மறைத்தவராவோம். மாணவர் விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் அக்கட்டணம் திரும்பாது. ஊரில் இருப்போர்க்கு ஆலோசனை சொல்லும் பெற்றோர் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று.

எழுதித் தரும்படி கேட்கும் வழக்கத்தை நாம் சொந்த அனுபவத்தால் பெற்றோம். நாம் படகில் வந்தவர். பல ஆண்டுகள் தற்காலிக விசாவில் இருந்தவர். அக்காலத்தில் அரச கல்விக் கடன் எமக்கு இல்லை. பல்கலைக்கழகம் போவதாயின் வெளிநாட்டு மாணவர்க்குரிய கட்டணம். ஒரு தனியார் நிலையத்தில், ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றால் எமது இலங்கை ஆசிரியத் தகைமை இங்கே ஏற்கப்பட்டுவிடும் என்று ஒரு பெண்மணி மிக அன்போடு சொன்னார். தேநீரும் தந்தார். விக்டோரியாவில் ஆசிரியராகப் பதிவதற்குத் தனியான சபை உண்டு. தகைமைகளை மதிப்பிடுவது அச்சபையே, எந்தக் கல்லூரியுமல்ல. ஆகவே, சொன்னதை இரண்டு வரியில் எழுதித் தாருங்கள் என்றோம். மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் தாள் இல்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தோம். இன்று வாரநாட்களில் டண்டினோங் தெற்கில் ஒரு பண்டகசாலையிலும், வார இறுதியில் இங்கே உங்கள் பிள்ளைகளோடும் நிற்கின்றோம்.

தொழிற்கல்வியைக் கண்காணிக்கும் தேசிய ஒழுங்காற்று நிறுவனம் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் சில நிலையங்களின் பதிவை நீக்கியதோடு, அவை வழங்கிய 20,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களையும் செல்லாதவையாக்கியது. உரிய பயிற்சியோ மதிப்பீடோ இன்றி அவை கொடுக்கப்பட்டன என்பது காரணம். பதிவேட்டில் பெயர் இருப்பது வேண்டியதே. அது மட்டும் போதாது என்பதை இச்செய்தி காட்டுகின்றது. அங்கே இப்போது படிக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். நிலையம் காட்டும் மாணவரோடு அல்ல, நீங்களே கண்டுபிடித்தவரோடு.

இதுவரை பிறர் குற்றங்களைச் சொன்னோம். நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

கடந்த ஆண்டு இறுதியில் எமது தமிழ்ப் பாடசாலையின் சேர்க்கைப் பிரசுரத்தைப் புதிதாக எழுதும் பொறுப்பு எம்மிடமும் இன்னும் இரு ஆசிரியைகளிடமும் ஒப்படைக்கப்பட்டது. குழுக்கூட்டத்தில் ஆலோசனைகள் குவிந்தன. வீ.சீ.ஈ. பரீட்சையில் தமிழை எடுத்தால் ஐந்து புள்ளி அதிகம் கிடைக்கும் என்று பெரிய எழுத்தில் போடவேண்டும் என்றார் ஒருவர். கேட்பதற்கு இனிய செய்தி. ஆனால் அது அவ்வாறில்லை. விக்டோரியாவில் ஆங்கிலமல்லாத மொழிப் பாடங்களின் புள்ளிகளைச் சீர்ப்படுத்தும்போது அப்பாடத்தை எடுத்தோரின் சராசரியோடு ஐந்து சேர்க்கப்படுகின்றது. தனியொரு மாணவருக்குக் கிடைக்கும் உயர்வு ஐந்தாக இருக்கலாம், கூடலாம், குறையலாம். சிட்னியில் இருந்து மாறிவரும் குடும்பங்கள் அங்கேயும் இவ்விதியே என எண்ணுகின்றனர். நியூ சவுத் வேல்ஸில் இவ்வாறு ஐந்து சேர்க்கும் விதி இல்லை. இவ்வளவையும் பெரிய எழுத்தில் போட இடமில்லை என்றார் அவர். அப்படியானால் சிறிய எழுத்தில் முழுவதையும் போடுவோம் என்றோம்.

உங்கள் பிள்ளை சரளமாகத் தமிழ் பேசும் என்று எழுதலாமா என்பது அடுத்த விவாதம். அங்கே நாம் கரும்பலகையில் ஒரு கணக்கிட்டோம். எமது பாடசாலை வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், ஆண்டுக்கு நாற்பது வாரம் நடைபெறுகின்றது. மொத்தம் நூறு மணி. பகற்பாடசாலைகளில் வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் கற்பிக்கின்றனர். ஆக, நாம் ஓராண்டில் கொடுப்பது அவர்கள் நான்கு வாரத்தில் கொடுப்பது. ஒரு பிள்ளை தவறாமல் பன்னிரண்டு ஆண்டு எம்மிடம் வந்தாலும் நாற்பத்தெட்டு வாரப் படிப்பு. பகற்பாடசாலைக் கணக்கில் ஓராண்டுக்குச் சற்று அதிகம். பிறந்தநாள் விழா, கிரிக்கெட் ஆட்டம், நடன அரங்கேற்றம் ஆகியவற்றுக்குப் போகும் வாரங்களை நாம் கழிக்கவில்லை. வீட்டில் தமிழ் பேசப்படாத பிள்ளையை இந்த ஓராண்டால் மட்டும் சரளமாகப் பேசவைப்போம் என்று அச்சிட்டுக் கொடுப்பதற்கு எமக்குக் கை வரவில்லை.

“மாஸ்டர், உப்பிடி எழுதினால் ஆர் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பினம்?” என்று ஒரு தகப்பனார் நியாயமாகவே கேட்டார். பிள்ளைகளின் தொகை குறைந்தால் அரச உதவிப் பணமும் குறையும், மண்டப வாடகை குறையாது. அவர் கவலை பொய்யல்ல. விளம்பரம் இப்படித்தான் நடக்கும் என்றார் மற்றொருவர். ரோவிலுக்கு ரயில் வரப்போகின்றது என்று சொல்லியே எத்தனை வீடுகள் விற்றிருப்பார்கள் என்று நகைத்தார். 1969ஆம் ஆண்டின் மெல்பேண் போக்குவரத்துத் திட்டத்திலேயே ரோவில் ரயில் பாதை இடம்பெற்றது. இன்றும் ஸ்ரட் பார்க் கடைத்தொகுதியிலிருந்து 900ஆம் இலக்கப் பேருந்தில் ஏறியே நாம் ரயிலைத் தேடிப் போகின்றோம். அந்நகைப்பு எமது பக்கத்துக்கே வலுச்சேர்த்தது என்பதை அவர் பின்னரே கவனித்தார்.

ஈற்றில் பிரசுரம் இவ்வாறு அமைந்தது. கட்டணம், புத்தகச் செலவு, விழாவுக்கான தனிச்செலவு மூன்றும் ஒரே இடத்தில் எழுதப்பட்டன. ஆசிரியர்கள் தொண்டர்கள் என்பதும், யாவரும் பிள்ளைகளோடு பணிபுரிவதற்கான அனுமதி பெற்றவர்கள் என்பதும், அவர்களுள் ஆசிரியப் பயிற்சி பெற்றோர் எத்தனை பேர், பெறாதோர் எத்தனை பேர் என்பதும் குறிப்பிடப்பட்டன. நூறு மணிக் கணக்கும் இடம்பெற்றது. வீட்டில் தமிழ் பேசாவிடில் எம்மால் என்ன இயலும், என்ன இயலாது என்று இரண்டு வரி எழுதினோம். அவ்விரண்டு வரிக்காகக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டது.

கடைசிப் பக்கத்தில், வீ.சீ.ஈ. தமிழ்ப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவி ஒருத்தியிடம் நாலு வரி எழுதி வாங்கினோம். முதல் மூன்று ஆண்டுகள் அம்மாவின் கட்டாயத்தினால் மட்டுமே வந்ததாகவும், இன்றும் தமிழ்ப் பத்திரிகையைத் தட்டுத்தடுமாறியே வாசிப்பதாகவும், ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு அம்மாவின் உதவியின்றித் தொலைபேசியில் பேசுவதாகவும் அவள் எழுதித் தந்தாள். முதலிரண்டையும் வெட்டிவிட்டு மூன்றாவதை மட்டும் போடலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. அவளையே கேட்டோம். போடுவதானால் மூன்றையும் போடுங்கள், பெயரை மட்டும் போடவேண்டாம் என்றாள். அவ்வாறே அச்சாகியுள்ளது. விழா நாளன்று மண்டப வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், பிரசுரங்களை அடுக்கி வைத்திருப்போம்.